நிகர எடை

ஐந்து பேர் என்று பேச்சு.
கிள்ளானில் காடி ஏறியது மூன்று பேர்,
அதில் ஒருவன் கணக்கிலேயே இல்லாதவன்:
ரெஜினாவின் மகன், ஆறு வயது, கையில் கேக் பெட்டி.
கஞ்சில் என் நாத்தனாருடையது.
"ஏர்கோன் போட்டா மலை ஏறாது" என்று
சாவியோடு சேர்த்துக் கொடுத்தாள்.

பகாவுக்குப் போய் யோகாம்பிகையைப் பார்க்க வேண்டும்.
ஷா ஆலம் ஆலையின் இரவு ஷிப்ட்டில்
ஒரே பூதக்கண்ணாடியில் மாறி மாறிக் குனிந்தவர்கள் நாங்கள்.
அவளுடைய நீல அங்கி
எங்களை இரண்டு சுற்றுச் சுற்றும்.
திருமணமாகிப் போனவள்
போன வருடம் அப்பா வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.
அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.
நெடுஞ்சாலை முழுக்க ஒத்திகை.
நீ கேளு. இல்லே, நீதான் கேக்கணும்.
சாப்பிட்ட பிறகு. நேரா வேணாம், சுத்தி வளைச்சு.

சுற்றி வளைத்தது புக்கிட் புத்துஸ்தான்.
ஏழாவது வளைவில் பையன் வாந்தி எடுத்தான்,
கேக் பெட்டிக்குள்.
திட்ட முடியவில்லை,
கைக்கெட்டிய ஒரே பாத்திரம் அது.
கோலா பிலாவில் ஈரத்துணி வாங்க நிறுத்தி
டுரியான் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

கைப்பேசிப் பெண் மலாயில் "இடப்பக்கம்" என்றாள்.
இடப்பக்கம் செம்பனை.
உள்ளே போனபின் எல்லாப் பக்கமும் இடப்பக்கம்.
நேரே பார்த்தால் வரிசை, சாய்ந்து பார்த்தாலும் வரிசை,
அழலாமா என்று யோசித்த இடத்தில் இன்னொரு வரிசை.
கைப்பேசிப் பெண் அத்தோடு பேசவில்லை.
காடி புகைந்தது.
குடிக்க வைத்திருந்த தண்ணியெல்லாம் அது குடித்தது.

குலை வெட்டும் லொம்போக்காரர் ஒருவர் வந்தார்.
அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக
ஆளுக்குப் பாதி மலாய்.
அரிவாள் நுனியால் செம்மண்ணில்
பாலம், கோயில், ஆலை என்று வழி வரைந்தார்.
ரெஜினா படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடுவதற்குள்
ஒரு மாடு வந்து
பாலத்தின்மேல் நின்றுகொண்டது.

எப்படியோ வீடு.
வீட்டில் அவள் இல்லை.
"உங்களைத் தேடித்தான் மோட்டார்ல போச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
அவளைத் தேடி நாங்கள்.
நாங்கள் வந்து போனது தெரிந்து
எங்களைத் தேடி மறுபடி அவள்.
அம்மன் கோயில் முச்சந்தியில்
மழைக்கோட்டை முன்பின்னாக மாட்டிய ஒரு மோட்டார்
எங்களைத் தாண்டிப் போனது.
"யாரு இது, பைத்தியம் மாதிரி ஓட்டுது" என்றேன்.

ஆலை வாசலில் காடி உயிரை விட்டது.
பின்னால் குலை ஏற்றிய லோரி ஒலி எழுப்ப
இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம்,
பையன் ஒரு கையால் தள்ளினான்.
தள்ளி நிறுத்திய இடம் எடைமேடை.
கூண்டுக்கு வெளியே சிவப்பு எண்கள் எரிந்தன:
எண்ணூற்று நாற்பது.

"ஏய், எறங்காதீங்க!"
முன்பின் மழைக்கோட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிவந்தது.
இந்த மேடைக்குக் கிராணி அவள்தான்.
"காடிய கழிச்சா நூத்தி அறுபது.
காய் வெட்டு இல்ல, காம்பு மட்டும் நீளம்" என்று
ரெஜினாவின் கொண்டையை இழுத்தாள்.
பிறகு மேடையில் ஏறி
எங்கள் கழுத்துகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

நான் எண்ணைப் பார்த்திருக்கக் கூடாது.
எண்ணூற்று எண்பது.
ஏறியது நாற்பது.
"மழைத்தண்ணி வேற அதுல இருக்கு,
மூணு விழுக்காடு கழிக்கணும்" என்றாள்,
நான் பார்த்ததைப் பார்த்து.

ரெஜினா என் விரலை நசுக்கினாள்.
லோரிக்காரர் மறுபடி ஒலி எழுப்பினார்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பையன்தான் கேட்டான்,
பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி,
"ஆண்ட்டி, கேக் வேணுமா?"